'ஆகும்' என்று முடியும் விலைகள்

மோட்டார் சைக்கிள் ஷோரூமுக்குள் நுழைபவரின் கையில் முதலில் ஒரு தண்ணீர் பாட்டில் தரப்படுகிறது. அடுத்ததாகக் கொட்டேஷன் என்னும் ஒற்றைத் தாள். எக்ஸ்-ஷோரூம் விலை, ஆயுள் வரி, பதிவு, காப்பீடு, ஹேண்ட்லிங், அக்சசரீஸ் என்று வரிசையாக இறங்கிவந்து, அடியில் தடித்த எழுத்தில் ஆன்-ரோடு விலை நிற்கிறது. வாங்க வந்தவரின் கண் அந்தக் கடைசி வரிக்குத் தாவுவது இயல்பு. கண் அங்கே போய்ச் சேர்ந்த கணத்தில், எதிரில் அமர்ந்திருப்பவர் கனிவாகக் கேட்கிறார்: "சொல்லுங்க சார், இதுல எவ்வளவு குறைச்சுத் தரணும்?"

இந்தக் கேள்வியைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. பேரம் இங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று வாங்குபவர் நம்புகிறார். முக்கியமான பேரமோ அந்தத் தாள் அச்சாவதற்கு முன்பே முடிந்துவிட்டது. அதில் அவர் கலந்துகொள்ளவில்லை. எந்தெந்த வரிகள் அந்தத் தாளில் இடம்பெறும், எவை கட்டாயம் போலத் தோன்றும், எவை இலவசம் போலத் தோன்றும் என்பதெல்லாம் அவர் இல்லாத அறையில் தீர்மானிக்கப்பட்டவை. மிச்சமிருப்பது, சேர்க்கக் கூடாததைச் சேர்த்துவிட்டு அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் சடங்கு. அதற்குத் தள்ளுபடி என்று பெயர்.

இந்தச் சடங்குக்கென்று ஓர் இலக்கணமும் இருக்கிறது. ஷோரூம் ஊழியர் எந்தக் கட்டணத்தைப் பற்றியும் "நாங்கள் வாங்குகிறோம்" என்று சொல்வதில்லை. தமிழ் பேசும் இடத்தில் "ஹேண்ட்லிங் இவ்வளவு ஆகும்" என்பார். ஹைதராபாத்தில் அதே வாக்கியம் "அவுதுந்தி" என்று முடியும், பெங்களூரில் "ஆகுத்தே", டெல்லியில் "லகேகா". நான்கு மொழிகள், இரண்டு மொழிக் குடும்பங்கள், ஆனால் ஒரே உத்தி. செய்பவரைச் சொல்லாமலே முழுமை பெறும் வினை. மழை பெய்வதைப் போல, பொழுது சாய்வதைப் போல, ஹேண்ட்லிங் கட்டணமும் தானாக நிகழ்கிறது. ஆறு மணி ஆனால் இருட்டும். வண்டி வாங்கினால் ஹேண்ட்லிங் ஆகும். இதில் யாரிடம் சண்டை போடுவது?

இந்த வினைகளின் மேல் குற்றமில்லை. சாலையில் ஆகும் செலவையும், தையலுக்கு ஆகும் துணியையும் சொல்ல அவை தேவை. ஆனால் அரசாங்கம் விதித்த வரியையும் டீலர் தாமே வைத்துக்கொண்ட தொகையையும் ஒரே வினையில் கட்டிவைக்கும்போது, அந்த வினை ஒரு பெரிய உதவியைச் செய்துவிடுகிறது. "வரி ஆகும், பதிவு ஆகும், ஹேண்ட்லிங் ஆகும், கிட் ஆகும்" என்று ஒரே மூச்சில் கேட்பவர், நான்கையும் ஒரே இனமாக எண்ணிக்கொள்கிறார். முதல் இரண்டின் அதிகாரம் பின்னிரண்டின் மேல் கசிந்துவிடுகிறது.

புத்திசாலி வாடிக்கையாளர் ஆவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதற்கு இன்று ஆள் பஞ்சமில்லை. மாதக் கடைசியில் போ, மூன்று ஷோரூமில் விலை வாங்கு, ஆசையை முகத்தில் காட்டாதே, எழுந்து போவதுபோல் பாவனை செய் என்று அறிவுரைகள் குவிகின்றன. அவற்றில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவையெல்லாம் கடைசி வரியைப் பற்றியவை. தாளின் மற்ற வரிகளை அவை ஏற்றுக்கொண்டுவிடுகின்றன. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிய தரகர்கள்கூட இவ்வளவு தூரம் வரவில்லை. அங்கே பேச்சு மறைவாக நடந்தாலும், ஒரு மாட்டுக்கு ஒரு விலை. கொம்புக்குத் தனி, வாலுக்குத் தனி, தொழுவத்திலிருந்து சந்தைக்கு நடத்திக்கொண்டு வந்ததற்குத் தனி என்று யாரும் சீட்டு எழுதியதில்லை.

தாளின் முதல் வரியில் அதிகம் பேச ஒன்றுமில்லை. எக்ஸ்-ஷோரூம் விலையை நிறுவனம் அறிவிக்கிறது. ஜிஎஸ்டி அதற்குள் அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு அந்த வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது; அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆனது. ஆயுள் வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்தந்த மாநிலத்துக்குள் ஒரே கணக்குதான், பேரத்துக்கு இடமில்லை. பதிவுக் கட்டணமோ மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 81ஆம் விதி சொல்லும் தொகை. மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாய். கடனில் வாங்கினால் அதைப் பதிவுச் சான்றில் குறிக்க 500. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், பல கொட்டேஷன்களில் 'ஆர்டிஓ' என்ற ஒற்றைச் சொல்லுக்கு எதிரே நிற்கும் உருண்டையான தொகை கொஞ்சம் கூச்சப்பட வேண்டியிருக்கும். வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, இரண்டுக்கும் போக மிச்சம் யாருக்கு என்று அந்தச் சொல் பிரித்துக் காட்டுவதில்லை.

அந்த மிச்சத்துக்குச் சொல்லப்படும் நியாயம், ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஆள் அனுப்பிப் பதிவை முடித்துத் தருகிறோம் என்பது. புதிய வண்டியைப் பதிவுக்கு விண்ணப்பிப்பதை, டீலரும் வாங்குபவரும் ஒரே மாநிலத்தில் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் டீலரின் கடமையாகவே ஆக்கியது. தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பதிவு செய்யாத வண்டியை டீலர் ஒப்படைக்கக் கூடாது என்று 42ஆம் விதி முன்பிருந்தே சொல்கிறது. தன் கடமையைச் செய்வதற்குத் தனிக்கட்டணம் கேட்பதைச் சேவை என்று அழைக்கலாம் என்றால், பயணச்சீட்டு கிழித்துக் கொடுத்ததற்குக் கண்டக்டரும் கேட்கலாம்.

ஹேண்ட்லிங் என்ற வரிதான் இந்தத் தாளின் உயிர்நாடி. கிடங்கிலிருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவந்தது, கழுவியது, பேட்டரியை மாட்டியது, ஐந்து லிட்டர்கூட நிரம்பாத பெட்ரோலை ஊற்றியது, இவையெல்லாம் அதற்குள் அடக்கம் என்று விளக்கம் வரும். விற்கும் பொருளை விற்பனைக்குத் தகுதியாக்குவது விற்பவரின் செலவு. மளிகைக் கடைக்காரர் மூட்டையைக் கிடங்கிலிருந்து இறக்கிய கூலியைப் பருப்பு விலையோடு சேர்த்துக்கொள்கிறார்; வாங்குபவரின் பில்லில் 'மூட்டை இறக்கியது' என்று ஒரு வரி எழுதுவதில்லை. எழுதினால் ஊர் சிரிக்கும். பல மாநிலங்களில் போக்குவரத்துத் துறையினர் இந்தக் கட்டணத்துக்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். விளைவு என்ன? ஹேண்ட்லிங் என்ற பெயர் சில இடங்களில் லாஜிஸ்டிக்ஸ் ஆனது, சில இடங்களில் டெலிவரி சார்ஜ் ஆனது, சில இடங்களில் வெறும் 'மற்றவை' ஆனது. சொல்லை மாற்றினால் பொருளும் மாறிவிடும் என்ற நம்பிக்கை மொழியியல் மாணவர்களைவிட டீலர்களிடம் அதிகம்.

காப்பீட்டு வரியில் மூன்று வேறுபட்ட பொருள்கள் ஒரே பெயருக்குள் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு அதை ஐந்தாண்டுக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும். அதன் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையிலான புதிய வண்டிக்கு 3,851 ரூபாய், 150க்கு மேல் 350 வரை 7,365 ரூபாய்; வரி தனி. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இதில் மாற்றமில்லை. இரண்டாவது, சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு. இதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. கடன் கொடுப்பவர் கேட்பார், புது வண்டிக்கு எடுப்பதும் நல்லதுதான். ஆனால் இதன் விலை 2007 முதல் சந்தையில் தீர்மானிக்கப்படுகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், தள்ளுபடியும் உண்டு. ஐந்தாண்டுக்கு மொத்தமாக எடுக்கும் தொகுப்பு 2020 ஆகஸ்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டதால், ஓராண்டுக்கு எடுத்தால் போதும். மூன்றாவது, உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. வேறு பாலிசியில் அதே பாதுகாப்பு ஏற்கெனவே இருந்தால் இதை மறுபடி வாங்க வேண்டியதில்லை.

கொட்டேஷனில் இந்த மூன்றும் 'இன்சூரன்ஸ்' என்று ஒரே தொகையாக வரும். கட்டாயமானது எது என்று கேட்டால், "எல்லாமே கம்பல்சரி சார்" என்ற பதில் வரும். வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்றால், சிஸ்டம் ஏற்காது என்பார்கள். இங்கும் எழுவாயைக் கவனிக்க வேண்டும்: மறுப்பது டீலர் அல்ல, சிஸ்டம். டீலர் வழியாக விற்கப்படும் காப்பீட்டுக்கென்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த வழிமுறைகள் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன; தன்னிடமே எடுக்க வேண்டும் என்று வாங்குபவரை வற்புறுத்த அவை இடம்தரவில்லை. ஒரு பொருளை வாங்க இன்னொரு பொருளையும் வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. சிஸ்டம் அந்தச் சட்டத்தைப் படித்திருக்க வாய்ப்பில்லை; அதை இயக்குபவர் படித்திருக்கலாம்.

அடுத்தது 'எசென்ஷியல் கிட்'. பெயரே வாதத்தை முடித்துவிடுகிறது: அத்தியாவசியம் என்று எழுதியபின் வேண்டாம் என்று யார் சொல்வார்? டேங்க் கவர், சீட் கவர், லெக் கார்டு, பாலிஷ், சாலையோர உதவி அட்டை எல்லாம் அதற்குள் இருக்கும்; இவை வேண்டியவர் வாங்கலாம், வேண்டாதவர் விடலாம். கோபம் வர வேண்டிய இடம் சேலை கார்டு. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு, பிடிமானம், கால்மிதி ஆகியவை பின்னால் ஆள் அமரும் வண்டியில் இருந்தாக வேண்டும் என்று 123ஆம் விதி சொல்கிறது. பின்னால் அமர்ந்திருப்பவரின் சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் பொருள் அது. தயாரிப்பின் பகுதியாக இருக்க வேண்டியதைக் கழற்றி வைத்து, அக்சசரீஸ் என்று பெயரிட்டு விற்பது, சக்கரத்தைத் தனியாக விற்பதற்கு மிக அருகில் வருகிறது.

தலைக்கவசத்தின் கதை இதைவிடச் சுவையானது. பேரத்தின் உச்சத்தில், கையெழுத்துக்குப் பேனாவை நீட்டும்போது, "சரி சார், உங்களுக்காக ஹெல்மெட் ஃப்ரீ" என்று ஒரு வாக்கியம் வரும். காய்கறிக்காரர் கடைசியில் போடும் கறிவேப்பிலைக் கொத்துக்குக் கொசுறு என்று பெயர். அது கொடுப்பவரின் விருப்பம், அதனால்தான் அதில் மகிழ்ச்சி. ஆனால் தயாரிப்பாளர், வண்டி விற்கப்படும்போதே இந்தியத் தர அளவுக்கு உட்பட்ட தலைக்கவசம் ஒன்றை வழங்க வேண்டும் என்று 138ஆம் விதி பணிக்கிறது. நேர்மையாகச் சொன்னால், விதியில் 'இலவசமாக' என்ற சொல் இல்லை. 'வழங்க வேண்டும்' என்றே இருக்கிறது. அந்த இடைவெளிக்குள்தான் பல டீலர்கள் குடியிருக்கிறார்கள். 2025இல் இரண்டு தலைக்கவசம் வழங்க வேண்டும் என்ற வரைவு விதியும் வெளியானது. எப்படியானாலும், சட்டம் சேர்க்கச் சொன்ன ஒன்று கொசுறு ஆகாது. கடமையை அன்பளிப்பாக வழங்கி நன்றியும் வாங்கிக்கொள்வது இந்தத் தாளின் மிக நுட்பமான சாதனை.

இவ்வளவும் சில ஆயிரங்களின் கணக்கு. பெரிய கணக்கு தாளின் மறுபக்கத்தில், பெரும்பாலும் பென்சிலால் எழுதப்பட்டு, இஎம்ஐ என்ற பெயரில் இருக்கிறது. 80,000 ரூபாய் கடன், மூன்றாண்டு, "பத்து பர்சென்ட் ஃப்ளாட்" என்று சொல்லப்படுவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 8,000 வீதம் 24,000 ரூபாய் வட்டி. மாதத் தவணை 2,889. கேட்பதற்குச் சரியாக இருக்கிறது. ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் வட்டி மட்டும் முழு 80,000 ரூபாய்க்கே போடப்படுகிறது. குறையும் அசலின் மேல் கணக்கிட்டால் இந்தக் கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 18 சதவீதம். உண்மையிலேயே பத்து சதவீதமாக இருந்திருந்தால் தவணை 2,581 ரூபாயாகவும், மொத்த வட்டி 13,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவும் இருந்திருக்கும். 11,000 ரூபாய் வித்தியாசம் 'ஃப்ளாட்' என்ற ஒரே சொல்லுக்குள் தட்டையாகப் படுத்திருக்கிறது. அரைநாள் வாதாடி ஆயிரம் ரூபாய் குறைத்தவர், அதே மேசையில் அதற்குப் பதினொரு மடங்கை ஒரு பெயரடைக்குக் கொடுத்துவிட்டு எழுகிறார்.

கடன் நிறுவனத்திடமிருந்து டீலருக்கும் ஒரு பங்கு வருகிறது என்பது இந்தத் துறையில் யாருக்கும் ரகசியமல்ல. ரொக்கமாகத் தருகிறேன் என்பவரைக் கண்டால் ஷோரூமின் முகம் சற்று வாடுவதற்கும் அதுவே காரணம். பணத்தைக் கையில் வைத்திருந்தால் மதிப்பு கூடும் என்ற பழைய வணிக அறிவு இங்கே தலைகீழாகி நெடுநாளாகிறது.

இதற்கு மாற்று மருந்தாக ரிசர்வ் வங்கி ஒரு காரியம் செய்தது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கான புதிய தவணைக் கடன்களில், எல்லாச் செலவுகளையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தச் சுற்றறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு: கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அந்தத் தாள் எழுதப்பட வேண்டும், உள்ளடக்கத்தை அவருக்கு விளக்க வேண்டும், விளக்கப்பட்டது என்று அவரிடம் ஒப்புதலும் பெற வேண்டும். மொழி உரிமையை மேடையில் மட்டும் தேடுபவர்கள் இந்த வாக்கியத்தைக் கண்டுகொள்ளாமல் போவது வருத்தம். இந்திய நிதி நிர்வாகம் எழுதிய வாக்கியங்களில் இவ்வளவு ஜனநாயகமானவை குறைவு. நடைமுறையில் அந்தத் தாள் ஒரு கட்டுக் காகிதங்களுக்கு நடுவில், ஆங்கிலத்தில், 'இங்கே, இங்கே, அப்புறம் இங்கே' என்ற விரல் சுட்டலோடு கடந்துபோகிறது. ஒப்புதல் மட்டும் தவறாமல் பெறப்படுகிறது.

புத்திசாலி வாடிக்கையாளர் என்ற கொள்கை இங்கேதான் உடைகிறது. ஒடிசாவிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து, உணவுப் பொட்டலம் கொண்டுசேர்க்கும் வேலையில் சேரப்போகும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்க்கலாம். வண்டி இல்லாமல் வேலை இல்லை. வண்டி வராத ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள். மூன்று ஷோரூம் ஏறி இறங்க அவருக்கு மூன்று நாள் கிடையாது; மாதக் கடைசிவரை காத்திருக்க வாடகை விடாது. எழுந்துபோவதுபோல் பாவனை செய்ய, வேறு போக்கிடம் உள்ளவரால்தான் முடியும். தெலுங்கு தெரியாது, இந்தி அரைகுறை, தாள் ஆங்கிலத்தில். அவர் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி, மாதம் எவ்வளவு என்பது. அந்தக் கேள்விக்கு எந்தத் தொகையையும் பதிலாக்கிவிடலாம். மாதங்களின் எண்ணிக்கையை நீட்டினால் போதும். பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவர் அதே நாளில், அதே ஷோரூமில், அதே வண்டியை நான்காயிரம் குறைவாக வாங்கிச் சென்று தம் சாமர்த்தியத்தை நண்பர்களிடம் விவரிப்பார். அந்த நான்காயிரம் டீலரின் பையிலிருந்து வந்ததாக அவர் நினைக்கிறார். பக்கத்து மேசையில் இருந்தவரிடமிருந்து வந்திருக்கவும் கூடும். பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை என்பதைத் திறமைக்குக் கிடைத்த பரிசாகக் கொண்டாடும் சமூகம், மற்றவரின் மொழியின்மைக்கு விதிக்கும் அபராதத்தையும் சேர்த்தே கொண்டாடுகிறது.

வாங்குபவரின் நாவன்மை விலையைக் குறைக்கிறது என்பதே பெரிதும் மிகைப்படுத்தப்பட்ட நம்பிக்கை. 2017 மார்ச் 29 அன்று, பிஎஸ்-3 வகை வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது நாடெங்கும் தேங்கியிருந்த 8.24 லட்சம் வண்டிகளில் 6.71 லட்சம் இருசக்கர வண்டிகள். அடுத்த இரண்டு நாளில் நடந்ததை நேரில் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஷோரூம் வாசல்களில் கூட்டம். சில மாடல்களுக்கு 22,000 ரூபாய் வரை தள்ளுபடி. பல ஊர்களில் மார்ச் 31க்கு முன்பே இருப்பு தீர்ந்தது. அன்று யாரும் பேரம் பேசவில்லை. பேச நேரமும் இல்லை, தேவையும் இல்லை. விலையைக் குறைத்தது விற்பவரின் கடிகாரம். மாதக் கடைசி, ஆண்டுக் கடைசி, புது மாடல் வரும் தறுவாய் என்று அந்தக் கடிகாரம் சிறிய அளவில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. இருப்பில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் டீலர் வங்கிக்கு வட்டி கட்டுகிறார். நிறுவனம் வைத்த இலக்கை எட்டினால்தான் அவருக்கு ஊக்கத்தொகை. டிசம்பரில் கிடைக்கும் தாராளத்துக்கும் இதுவே காரணம். அதில் ஒரு கண்ணியும் உண்டு. வண்டி தயாரான மாதமும் ஆண்டும் பதிவுச் சான்றில் ஏறும்; ஜனவரியில் பதிவு செய்தாலும் மறுவிற்பனையில் அது சென்ற ஆண்டின் வண்டிதான்.

டீலர் தரப்புக்கும் வாதம் உண்டு, அது முற்றிலும் வெற்று வாதமல்ல. எக்ஸ்-ஷோரூம் விலையை நிறுவனம் தீர்மானிக்கிறது, அதில் கிடைக்கும் பங்கு குறைவு, முக்கியச் சாலையில் கண்ணாடிக் கட்டடம் வேண்டும் என்று நிறுவனம்தான் நிபந்தனை போடுகிறது, அதன் வாடகையை யார் தருவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதை நிறுவனத்திடம் கேட்க வேண்டும். நிறுவனத்திடம் கேட்கத் துணிவில்லாததை, முதல் வண்டி வாங்க வந்தவரிடம் எழுவாயில்லாத வாக்கியத்தில் வசூலிப்பது தீர்வாகாது. செலவு உண்மையென்றால் அதை விலையில் சேர்த்து வெளியே பலகையில் எழுதட்டும். அப்படி எழுதினால் வாடிக்கையாளர் பக்கத்து ஷோரூமுக்குப் போய்விடுவார் என்றால், அந்த அச்சத்துக்குத்தான் போட்டி என்று பெயர்.

மேசைக்கு எதிரில் இருப்பவரை வில்லனாக்குவதும் தவறு. பெரும்பாலும் இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதுப் பிள்ளை. அடிப்படைச் சம்பளம் சொற்பம். இத்தனை கிட், இத்தனை காப்பீடு, இத்தனை கடன் என்று அவர் தலைக்கு மேலும் ஓர் எண் தொங்குகிறது. "ஆகும்" என்ற வினையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்டது.

இணைய வணிகத்தில் இதே தந்திரங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பதின்மூன்று வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டன. கேட்காத பொருளைக் கூடைக்குள் நுழைப்பதும், விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியிடுவதும் அவற்றில் உண்டு. செல்பேசித் திரையில் நடந்தால் முறைகேடு. அதையே தேக்கு மேசையில், தண்ணீர் பாட்டில் கொடுத்துச் செய்தால் வழக்கம். திரைக்குப் பெயர் சூட்டிய ஆணையம் ஒருநாள் மேசைக்கும் வர வேண்டும். கொட்டேஷனின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, தொகையைப் பெறுவது யார், எந்த விதிப்படி என்று இரண்டு கட்டங்கள் கட்டாயமானால், பாதி வரிகள் வெட்கத்தில் தாமாக உதிர்ந்துவிடும்.

அதுவரை வாங்குபவருக்கு மிஞ்சுவது, முன்பணம் கட்டுவதற்கு முந்தைய ஐந்து நிமிடம். பணம் கைமாறியபின் எந்தச் சட்டப்பிரிவும் அவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம், அது வேறு கதை, நீண்ட கதை. அந்த ஐந்து நிமிடத்தில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்காமல், ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, "இதை வாங்குவது யார்?" என்று கேட்பவருக்கு என்ன நடக்கிறது என்பது ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஊழியர் சற்றே திகைப்பார். "எல்லாருக்கும் இதுதான் சார்" என்பார். தாளை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் இருக்கும் மேலாளரிடம் செல்வார். அங்கே உதடுகள் அசைவது தெரியும், ஒலி கேட்காது. சில நிமிடத்தில் புதிய தாள் அச்சாகி வரும். அதில் ஹேண்ட்லிங் 2,500 ரூபாய் அப்படியே இருக்கும். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி முளைத்திருக்கும்: ஸ்பெஷல் டிஸ்கவுண்ட், 2,500 ரூபாய்.